கம்ப்யூட்டர் முனியப்பனும் கடைசி வீட்டு மெமரியும்

கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "முனியப்பா" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். டீக்கடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், டவுன் பஸ் டிரைவர் பிரேக் போடுவார். குலசாமி பேரை வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஊரே பயந்ததன் பலன் இது. அதனால் ஒவ்வொரு முனியப்பனுக்கும் முன்னால் ஒரு ஒட்டு தேவைப்படுகிறது. லாரி முனியப்பன் இருக்கிறார். கோர்ட்டு முனியப்பன் இருக்கிறார். அவர் வக்கீல் இல்லை, வரப்புத் தகராறில் பாதி ஆயுளைக் கோர்ட்டு வாசலில் கழித்தவர். நம்ம ஆள் கம்ப்யூட்டர் முனியப்பன்.

இந்த ஒட்டு அவருக்கு லேசில் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர் பேருக்கு முன்னால் இருந்தது கோழி. கோயிலில் நேர்ந்துவிட்ட சேவலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லி இவர் கையில் கொடுத்தார்கள். இவர் பிடித்த லட்சணத்தில் சேவல் நழுவி, சந்தைக்குள் புகுந்து, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டது. அடைக்கலம் கேட்டு வந்ததைத் தர முடியாது என்று ஏட்டய்யா வேடிக்கை செய்ய, அங்கே பூசை நின்றுபோனது, இவர் கோழி முனியப்பன் ஆனார். மீசை முளைத்த பிறகும் கோழி, டிகிரி வாங்கின பிறகும் கோழி. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், அந்தக் கோழியா என்று உள்ளே கிசுகிசுத்தது இவர் காதிலேயே விழுந்தது. பட்டவருக்குத்தானே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் சேலத்துக்குப் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார். பெங்களூரில் ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கி, வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இப்போதிருக்கிற பிள்ளைகளிடம் காட்டினால் சிரிக்கும். தடித்த கீபோர்டு ஒன்று, அவ்வளவுதான். கம்ப்யூட்டரே அந்தக் கீபோர்டுக்குள் அடக்கம். திரை வேண்டுமென்றால் வீட்டு டி.வி.யில் மாட்ட வேண்டும். புரோகிராம் வேண்டுமென்றால் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டுவிட்டு, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அன்றைக்கு அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் கிடையாது.

வாங்கியாகிவிட்டது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம்ம சனம் எதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்று மழை, இன்னொன்று கல்யாணம். மழை கம்ப்யூட்டர் கையில் இல்லை. ஆகவே பஞ்சாங்கத்தில் இருக்கிற பத்துப் பொருத்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்து ஒரு புரோகிராம் எழுதினார். பையன் நட்சத்திரத்தையும் பெண் நட்சத்திரத்தையும் கொடுத்தால் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று திரையில் வரும். காரிமங்கலம் வாரச்சந்தையில் ஒரு மளிகைக் கடையிலிருந்து கரண்டு இழுத்து, "கம்ப்யூட்டர் பொருத்தம்" என்று போர்டு மாட்டி உட்கார்ந்தார்.

முதல் நாள் வந்தவர் ஒரு விவசாயி. மகளுக்குப் பார்க்கச் சொன்னார். முனியப்பன் தட்டினார். திரையில் 13 என்று வந்தது.

பத்துப் பொருத்தத்தில் பதிமூன்று எப்படிங்க என்று அந்த மனுஷன் கேட்டார். நியாயமான கேள்வி. வேறு ஆளாக இருந்தால் மிஷினை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் எங்கே தப்பு என்று தேடியிருப்பான். நம்ம ஆளுக்குச் சந்தையே தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் சேவல் ஞாபகம் வந்துவிட்டது. ஜோசியருக்குத் தெரிந்தது பத்துதான், கம்ப்யூட்டருக்கு அதற்கு மேலே மூன்று தெரியும் என்று ஒரே போடாகப் போட்டார். கேட்டவர் அசந்துபோய் டி.வி.யைக் கும்பிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் முனியப்பன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். பத்துக்கு மேல் எது வந்தாலும் பத்து என்று காட்டு. ஓட்டையை அடைக்கவில்லை, ஓட்டை மேல் பாயை விரித்தார். அந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடேயப்பா, அதற்குப் பிறகு பிடித்தது பாருங்கள் யோகம்! ஊர் ஜோசியரிடம் போனால் ஏதாவது ஒரு தோஷம் இருக்கும், ஏதாவது ஒரு கோயிலுக்குப் போகச் சொல்லுவார். கம்ப்யூட்டரிடம் அந்தப் பேச்சே கிடையாது. யாரை யாரோடு சேர்த்தாலும் எட்டு, ஒன்பது, பத்து. பெரும்பாலும் பத்து. நிலத்துக்குப் பக்கத்து நிலம், அக்கா மகள், மாமன் மகன் என்று வீட்டில் எல்லாம் முடிவு பண்ணிவிட்டு, ஒரு பேச்சுக்குப் பொருத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல்யாணத் தரகர்கள் ஜோசியர் வீட்டுப் பக்கம் போவதையே விட்டார்கள். ஆடு வாங்க வந்தவர்கள் ஆட்டைப் பக்கத்துத் தூணில் கட்டிவிட்டுப் பொருத்தமும் பார்த்துக்கொண்டு போனார்கள். மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லுமா என்று காரிமங்கலத்திலிருந்து கடத்தூர் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சில் கோழி அடிபட்டுச் செத்தது, கம்ப்யூட்டர் முனியப்பன் என்ற பேர் நிலைத்தது.

அவருடைய கல்யாணமும் அந்த மிஷினால் ஆனதுதான். பாஞ்சாலிக்கு மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று பயந்து, மாமனார் உயிரோடு இருக்கிற எந்த வீட்டிலிருந்தும் அவளைக் கேட்டு வரவில்லை. அவளைச் சந்தையில் பார்த்த முனியப்பன் அப்படியே விழுந்துவிட்டார். டி.வி., டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றி அவள் வீட்டுக்கே கொண்டுபோய், அவள் அப்பா கண் முன்னாலேயே இரண்டு நட்சத்திரத்தையும் தட்டினார். பத்துக்குப் பத்து. கூட வந்திருந்த முனியப்பனின் அப்பாவே எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். மூலத்து மருமகள் வந்த பிறகும் அந்தக் கிழவர் தொண்ணூறு தாண்டிக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், தன் பக்கம் நியாயம் தீர்ந்துபோனால், முனியப்பன் எடுக்கிற கடைசி ஆயுதம் அதுதான். நாம பத்துக்குப் பத்து பாஞ்சாலி, சண்டை போடக் கூடாது என்பார். பாஞ்சாலி பதில் பேச மாட்டாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

காலம் போனது. ஜாதகம் செல்போனுக்குள் புகுந்துகொண்டது. முனியப்பன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ரிட்டையரும் ஆகிவிட்டார். மிஷின் பீரோவுக்குள் போனது, ஆயுத பூசைக்கு மட்டும் வெளியே வரும். வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம், அரிவாள்மனைக்கு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்கு வைக்காமல் விடலாமா? ஆனால் படித்தவர் ஆயிற்றே, மேல்மூடிக்கு வைப்பது பாமரத்தனம் என்று அவருக்குத் தோன்றியது. மூளை உள்ளே அல்லவா இருக்கிறது? ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கிற எட்டு மெமரி ஐ.சி.க்கும் தனித்தனியாகச் சந்தனம் குழைத்து வைப்பார், அதன் மேல் குங்குமம், அப்புறம் கற்பூரம், மறுபடி மூடி. சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாரா என்றால், அது மட்டும் கிடையாது. கும்பிடுகிற பொருளை யாராவது வேலை வாங்குவார்களா?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதுக் கம்ப்யூட்டர் அறை திறக்க ஏற்பாடானது. தலைமை ஆசிரியை மலர்விழி வீட்டுக்கே வந்தார். இந்தப் பக்கத்துக்கு முதல் முதலாக வந்த கம்ப்யூட்டரை மேடையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அதில் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்தவர்கள்தான் இப்போது பாதிப் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி, அவர்களையும் ஜோடியாக மேடைக்குக் கூப்பிட்டு மறுபடி தட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் முனியப்பன் சரிங்க மேடம் என்று தலையாட்டிவிட்டார். அந்தம்மா தெருமுனை தாண்டியதும் பீரோவைத் திறந்து, மிஷினை டி.வி.யில் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. கண்ட கண்ட எழுத்து, கோடு, புள்ளி. மறுபடி அணைத்துப் போட்டார், வேறு குப்பை வந்தது. மேடையில் இப்படி ஆனால் ஒட்டு போய்விடும், பழைய கோழி திரும்பி வந்துவிடும். அவர் வயதுக்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் ஊரிலேயே இருக்கிறார்கள், எடுத்துக் கொடுக்கக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பாஞ்சாலி, நனைந்த செல்போனை வைக்கிற மாதிரி அரிசி டிரம்முக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தார். மிஷினுக்குள் நாலு அரிசி போனதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் நிசார் அகமதுவைக் கூட்டி வந்தார். நிசார் பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். இப்போது யாரும் டி.வி.யை ரிப்பேர் செய்வதில்லை, அதனால் செல்போன் கவர் விற்கிறார், ஆனால் அதை வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் லைன் என்பார். முனியப்பனோடு ஒரே பெஞ்சில் படித்தவர், சேவல் ஓடின அன்று கூடவே ஓடிக் கைதட்டியவர். இந்த மாதிரி மிஷினை அவரும் தொட்டதில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்கிற வீடியோவைச் செல்போனில் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் அதையே செய்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

நிசார் மூடியைத் திறந்தார். எட்டு ஐ.சி.யும் சந்தனக் கட்டிக்குள் புதைந்து கிடந்தன. வருஷா வருஷம் குழைத்து வைத்த ஈரம் இறங்கி, ஐ.சி. கால்களெல்லாம் பச்சை பிடித்திருந்தன. இதென்ன கம்ப்யூட்டரா, கோயில் வாசல்ல நட்டு வெச்ச வேலா என்று கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, செல்போன் போர்டு கழுவுகிற ஸ்பிரிட்டைத் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கால்களைப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் துடைத்து, திரும்ப மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் குப்பை போய், சுத்தமான திரை வந்தது. முனியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிசாரைக் கட்டிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர், மெமரி முழுவதையும் சோதித்துப் பார்க்காமல் மிஷினை மூடாதே என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார். நிசாரும் மூட மாட்டேன் என்றார்.

மெமரி என்பது வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் எட்டு ஆள், ஒரு ஐ.சி.க்கு ஒருத்தர். எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், வேறு வேலை இல்லை. முதல் ஆள் நின்றால் ஒன்று, இரண்டாவது ஆள் நின்றால் இரண்டு, மூன்றாவது ஆள் நின்றால் நான்கு, நான்காவது ஆள் நின்றால் எட்டு, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். நிற்பவர்களைக் கூட்டினால் அந்த வீட்டில் இருக்கிற எண். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். நிசார் அப்படித்தான் சோதித்தார். எல்லா வீடும் பூஜ்யம் சொன்னது. கடைசி வீடு மட்டும் எட்டு என்றது. மறுபடி உட்காரச் சொன்னார். மறுபடியும் எட்டு. நான்காவது ஐ.சி.யை எடுத்து ஐந்தாவது இடத்தில் மாற்றி மாட்டிப் பார்த்தார், எட்டு போய்ப் பதினாறு வந்தது. ஆக, அந்த ஐ.சி.தான் குற்றவாளி.

"கடைசி வூட்டுல ஒருத்தன் உக்கார மாட்டேங்கறான்ப்பா," என்றார் நிசார், புதையல் எடுத்தவர் மாதிரி. "இன்னைக்கு நேத்து இல்ல, இது பொறவிக் குத்தம். வாங்குனப்பவே இப்படித்தான் இருந்திருக்கும்."

முனியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. சேலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த சார், முக்கியமான கணக்கைக் கடைசி வீட்டில் வை, அங்கே யாரும் வந்து இடிக்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். பொருத்தம் எண்ணுகிற கணக்கை முனியப்பன் வைத்தது அந்தக் கடைசி வீட்டில்தான். பொருத்தம் எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே அங்கே எட்டு நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பொருத்தம்கூட இல்லாத ஜோடிக்கு எட்டு. ஒன்று இருந்தால் ஒன்பது. இரண்டு இருந்தால் பத்து. அதற்கு மேல் எது வந்தாலும் அந்த ஒற்றை வரி பிடித்துப் பத்தில் நிறுத்திவிடும். சந்தையில் முதல் நாள் வந்தாரே ஒரு விவசாயி, அவர் மகளுக்கு வந்தது ஐந்து. எட்டும் ஐந்தும் பதிமூன்று.

அந்த வட்டாரத்தில் எத்தனை கல்யாணம்! முனியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நிசார் தன் மகன் ஃபைஸிடம் சொல்லி, பெங்களூரில் பழைய சாமான் கடையிலிருந்து அதே நம்பர், அதே கம்பெனி ஐ.சி. ஒன்றை வரவழைத்து மாட்டினார். கடைசி வீடு ஒழுங்காக உட்கார்ந்தது. கெட்ட ஐ.சி. மாறிப்போகக் கூடாதென்று, தன் வீட்டுக்காரி வஹிதாவின் சிவப்பு நெயில் பாலிஷை அதன் முதுகில் ஒரு இழுப்பு இழுத்துத் தனியாக வைத்தார். நிசார் கிளம்பிப் போனதும் முனியப்பன் கதவைச் சாத்திக்கொண்டு, கேசட்டைப் போட்டு, ஞாபகத்தில் இருந்த ஜோடிகளைத் தட்டிப் பார்த்தார். முன்னாள் சேர்மனுக்கும் அவர் மனைவி பெரியம்மாளுக்கும் இரண்டு. அடுத்தடுத்துத் தட்டிய ஜோடிகளுக்கு நான்கு, மூன்று, ஐந்து. தன் நட்சத்திரத்தையும் பாஞ்சாலி நட்சத்திரத்தையும் தட்ட விரலைக் கொண்டுபோனார். கொண்டுபோன விரலை எடுத்துவிட்டார்.

இது மேடையில் வந்தால் என்ன ஆகும்? குப்பை வந்தாலாவது பழைய மிஷின் என்று சமாளிக்கலாம். சேர்மன் ஜோடிக்கு இரண்டு என்று வந்தால் என்ன சொல்லுவது? இத்தனை வருஷம் ஊரையே ஏமாற்றினவன் என்பார்கள். அந்தப் பேருக்குக் கோழியே தேவலாம். யோசித்து யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நிசாரிடம் போய்ப் பழைய ஐ.சி.யையே மாட்டிக் கொடுக்கச் சொன்னார். நிசாருக்கு வந்ததே கோபம்.

"நீ ஊருக்கு என்ன வேணாலும் சொல்லிக்கோ. நான் தொட்ட மிஷின் பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டுக் கவர் விற்கப் போய்விட்டார்.

சரி, ஐ.சி. மாற்றுவது என்ன பெரிய வித்தை, நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று விழா அன்று காலையில் முனியப்பன் மூடியைத் திறந்தார். நல்ல ஐ.சி.யை நெம்பி எடுத்தார். பேப்பர் மேல் நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்தது. டி.வி.யையும் டேப் ரெக்கார்டரையும் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வந்தால், பாஞ்சாலி சந்தனக் கிண்ணத்தோடு எழுந்திருக்கிறாள்.

இவ்வளவு பெரிய சபைக்குப் போகிற மிஷின், பொட்டில்லாமல் மூளியாகக் கிடக்கிறதே என்று பார்த்தாளாம். நிசார் விட்டுவிட்டுப் போன ஸ்பிரிட்டில் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்து, வெளியே கிடந்த இரண்டையும் சேர்த்துத்தான் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்திருக்கிறாள். ஒன்றின் மேல் யாரோ சிவப்பாக எதையோ அப்பி வைத்திருந்தார்கள், அதையும் சுரண்டி எடுத்துவிட்டேன் என்று பெருமையாக வேறு சொன்னாள்.

பேப்பர் மேல் இரண்டு ஐ.சி. ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஒரே பொட்டு. எது உட்காரும், எது உட்காராது? சோதிக்கலாம் என்றால் டி.வி. ஆட்டோவில் இருக்கிறது, ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். முனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம், கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிற மாதிரி, இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடு என்று பாஞ்சாலியிடம் சொன்னார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டி, மூடியைப் போட்டு முடுக்கினார்.

பள்ளிக்கூடத்தில் கூட்டமென்றால் கூட்டம். மிஷினை மேடையில் வைத்துப் பெரிய திரையில் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் குப்பை இல்லை, முனியப்பனுக்குப் பாதி உயிர் வந்தது. கேசட் கத்தி முடித்தது. மலர்விழி மைக்கைப் பிடித்து, முதல் ஜோடியாக மிஷினின் சொந்தக்காரரும் அவர் துணைவியாரும், இவர்கள் பத்துக்குப் பத்து என்று அறிவித்துவிட்டார். சேர்மன் ஜோடியை முதலில் கூப்பிடலாமே என்று முனியப்பன் முனகியது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. பாஞ்சாலி புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

முனியப்பன் தன் நட்சத்திரத்தைத் தட்டினார். அவள் நட்சத்திரத்தைத் தட்டினார். குலசாமியை நினைத்துக் கடைசி விசையை அழுத்தினார்.

பெரிய திரையில் 3 என்று வந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினார். நிசார்தான், தன் ரிப்பேர் சுத்தமாக வேலை செய்கிற சந்தோஷம் அவருக்கு. பழைய மிஷின், மெமரியில் கோளாறு, நிசார் அகமது சரியாகப் பார்க்கவில்லை என்று முனியப்பன் என்னென்னவோ உளறத் தொடங்கினார். பாஞ்சாலி திரையை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் மலர்விழி கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, மிஷின் இன்னைக்குத்தான் சரியா இருக்குது," என்றாள். "அந்த மூணு எதுஎதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. இத்தனை வருஷமா எனக்குத் தெரியலை."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. அது அடங்குவதற்குள் பெரியம்மாள் தன் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டாள். இரண்டு என்று வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சொன்னால் யார் நம்பினீர்கள் என்று மகன்களையும் மருமகள்களையும் பார்த்துக் கேட்டாள். முன்னாள் சேர்மன் தேர்தலில் தோற்ற அன்றுகூட அப்படி நின்றதில்லை. அதற்குப் பிறகு வரிசை மேடையை விட்டு இறங்கி மைதானம் வரைக்கும் போனது. நான்கு வாங்கினவர்கள் அதான் பார்த்தேன் என்றார்கள், இரண்டு வாங்கினவர்கள் இதை வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் ஓட்டினோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். ஒரே ஒரு ஜோடிக்கு ஒன்பது வந்தது. அவர்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் வழியாகத்தான் உப்பு கேட்பார்கள். மிஷினை மறுபடி ஒரு தடவை சோதிக்கச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் அறையின் ரிப்பனை வெட்ட அன்றைக்குக் கடைசி வரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முனியப்பன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கேட்க நினைத்தார், கேட்க யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது. கடைசியில், எட்டு நின்றது, ஒற்றை வரி சேர்த்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். பாஞ்சாலி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு மூலம்னு எங்கப்பா தெருவுல தலை காட்டாம கெடந்தாருங்க," என்றாள். "நீங்க வண்டி கட்டிட்டு வந்து பத்துன்னு காட்டுன அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு. பத்துப் பொருத்தமும் பாத்துக் குடுத்தாத்தான் குடும்பமாங்க? அதை எடுத்து எடுத்து என் வாயை அடைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் மேடையில அப்படிச் சொன்னேன்."

முனியப்பன் டீயைக் குடித்தார்.

அடுத்த வாரம் கூரியர் பையன் ஒருவன் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, முனியப்பன்னு போட்டிருக்குது, எந்த முனியப்பன்னு போடலைங்க என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற நம்ம ஆள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கம்ப்யூட்டர் முனியப்பன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர், லாரி முனியப்பனா, கோர்ட்டு முனியப்பனா, மூணு முனியப்பனா என்று அவனைக் கேட்டார். மூணு என்று ஒரு ஒட்டு தனக்கு வந்துவிட்டது முனியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மூணு முனியப்பன் வூடு இதுதாங்க," என்று உள்ளேயிருந்து பாஞ்சாலி குரல் கொடுத்தாள்.

முனியப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பார்சலை வாங்கிக்கொண்டார்.